இடம்

வின்னிபெக்கில் இன்று பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
செல்கர்க் தெரு மண்டபத்தின் நிலவறையில்
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பொன்றைத் தரையில் பரப்பி
சுற்றி நிற்கிறோம்.
நாளை விடிய மறியல்.
பதாகையில் என்ன எழுதுவது என்று
இரண்டு மணித்தியாலமாகச் சண்டை.

தூரிகை என் இடக்கையில்.
பீச்சாங்கை என்று சொல்லி
அகப்பைக் காம்பால் அடித்துத் திருத்தப் பார்த்த கை.
போன வெள்ளி, கழுவ வந்த துணி மடிப்புக்குள் இருந்து
ஊசி ஏறியதும் இதே கையில்தான்.
இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

பாதிரி வாலஸ் ஒரு வேத வசனம் போடச் சொல்கிறார்.
கழுதைமேல் வந்தவர்
முதலாளி பக்கம் நின்றதாக எந்த ஏட்டிலும் இல்லையாம்.
ஒரிசியா சிரிக்கிறாள்.
அவள் அப்பாவின் அப்பா
பத்தொன்பதாம் ஆண்டுப் பெரிய வேலைநிறுத்தத்தில்
குதிரைப் பொலிசிடம் தொப்பியைப் பறிகொடுத்தவர்.
ஐம்பத்தாறில் ஹங்கேரிக்குள் டாங்கி போனபோது
கட்சி அட்டையைக் கிழித்தார்,
பிறகு ஒட்டினார்,
பிறகும் கிழித்தார்.
அந்தப் பசையின் மணம் இன்னும் இவள் பேச்சில்.

மைலோவுக்குத் தலைவர் என்ற சொல்லே ஒவ்வாமை.
தலைமைக் கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு
‘ஹேக் நகரில் எங்களை வெளியே தள்ளினீர்களே’ என்கிறான்,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு
போன கிழமை என்பதுபோல.
லிகாயாவின் மணிலாத் தோழர்களோ
பழைய பாதையை மீண்டும் உறுதிசெய்தவர், மறுத்தவர்
என இரண்டாகிப் போனவர்கள்.
இரு பக்கமும் அவளுக்கு மாமன்மார்.
கலியாண வீட்டில் யாரை எந்த மேசையில் இருத்துவது
என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கோட்பாட்டுப் பிரச்சினை.

என் பங்குக்கு நானும் சொன்னேன்:
எங்கள் ஊரில் மொஸ்கோ ஒன்று, பீக்கிங் ஒன்று இருந்தது.
இரண்டையும் கண்ணால் கண்டவர் இல்லை.
ஆனாலும் சிரட்டையில் தேநீர் வேண்டாம் என்று
கடை வாங்கில் ஏறி இருந்தவர்கள்
பீக்கிங்காரர்.
என் பெரியப்பாவின் முன்பல் இரண்டு
அந்த வாங்கின் விலை.

இடதுசாரி என்பதே ஒரு கதிரைக் கதை.
மன்னனுக்கு மறுப்பதிகாரம் கூடாது என்ற பிரெஞ்சுக்காரர்
சபையில் இடப்புறமாகப் போய் அமர்ந்தார்கள், அவ்வளவே.
சோற்றுக்கு ஒரு கை, சுத்தம் செய்ய ஒரு கை
என்று பிரித்துவைத்த மொழிக்குள் அந்தச் சொல் வந்தபோது
அங்கே ஏற்கெனவே ஆள் குடியிருந்தது:
தேர் எந்தத் தெருவால் போவது என்று
மண்டை உடைத்துக்கொண்ட வலங்கை, இடங்கை.
சிவனின் இடப்பாகத்தில் ஒருத்தி.
அவளுக்குப் பாதி உடல் கொடுத்தார்கள்,
பாதிக் கூலியாவது கொடுத்தார்களா
என்று யாரும் விசாரிக்கவில்லை.

கேத்தலோடு டார்லீன் உள்ளே வருகிறாள்.
ஆற்றங்கரைக் கிரீக்காரி.
‘மண்ணை ஆரிடம் திருப்பிக் கொடுப்பது என்று
உங்கள் புத்தகங்களில் எதில் எழுதியிருக்கு?’
வாலஸ் கண்ணாடியைத் துடைக்கிறார்.
மைலோ கதிரையை மறுபடி எடுத்து வந்து
அவளுக்குப் போடுகிறான்.
அவள் இருக்கவில்லை, தேநீர் ஊற்றுகிறாள்.

சாயம் இறுகத் தொடங்குகிறது.
கேட்காமலே குனிந்து
‘தடித்த கையுறை கொடு’ என்று எழுதினேன்.
‘ஆளுக்கு இரண்டு சோடி’ என்றாள் ஒரிசியா.
‘கொடு இல்லை, எடுப்போம்’ என்றான் மைலோ.
பிச்சையா உரிமையா என்று
திரும்பவும் தொடங்கிவிட்டது.
கடைசி பஸ் போய்விட்டது மேலே.

நான் எழுதிக்கொண்டே போகிறேன்.
எழுதியதன் மேலேயே கை இழுபடுகிறது,
இடக்கைக்காரிகளுக்கு அப்படித்தான்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்
உள்ளங்கை ஓரமெல்லாம் சிவப்பு.

நல்லவேளை,
சாயம்.