இரண்டு கிராம் காற்று

ஹம்பர்க்கிலிருந்து வந்த கடிதத்தில் கோபம் இல்லை,
எண்கள் மட்டும்:
இருநூற்றைம்பது கிராம் தேயிலைப் பொதிகளில்
முப்பத்தேழு,
ஒவ்வொன்றும் இரண்டு கிராம் குறைவு.

கிராண்ட்பாஸ் களஞ்சியத்தின் இரண்டாம் மாடி.
வெள்ளைப் பலகைக்கு முன்னால் எங்களை நிறுத்தி
மீன் வரையச் சொன்னார் மனேஜர் விக்கிரமரத்ன.
வரைந்தது நான். தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு.
தலைக்குள் 'எடை குறைவு' என்று எழுதி
முதுகெலும்பை வால்வரை ஒரே இழுப்பு இழுத்தேன்.
மேலே மூன்று முள், கீழே மூன்று:
மனிதர், இயந்திரம், மூலப்பொருள்,
முறை, அளவை, சூழல்.

"களனி ஆத்து மீனா மிஸ்?" என்றார் வின்சென்ட்.
சிரித்தோம்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மனிதர் முள்தான் முதலில் கொழுத்தது.
கவனக்குறைவு. தூக்கம். கைபேசி. இரவு வேலை.
யாரோ பேனையை வாங்கி
மூடியைப் பல்லால் கழற்றி
லெட்சுமணன் என்றே எழுதிவிட்டார்.
மற்ற ஐந்து முள்ளிலும்
ஒட்டச் சதையில்லை.

அந்நேரம் லெட்சுமணன்
வெல்லம்பிட்டியில், தகரக் கூரைக்குக் கீழே,
விடியும்வரை தேயிலை நிறுத்த கைகளை
வயிற்றில் வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.
நான் பார்த்ததில்லை.
அப்படித்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம்
சோற்றுப் பார்சலில் சூடை மீன்.
பாரையின் முள் கண்ணுக்குத் தெரியும்,
எடுத்து ஓரமாக வைக்கலாம்.
சூடையின் முள்ளை
நாக்குத்தான் தேடிப் பிடிக்கவேண்டும்.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
பத்தரைக்குக் கீழே இறங்கினேன்.
ஆறு மணிக்குப் பூச்சியமாக்கிய தராசு
வெறுந்தட்டுக்கு இரண்டு கிராம் காட்டியது.
"ராவைக்கு அது அப்பிடித்தான் மிஸ்,"
என்றார் லெட்சுமணன்.
"யாரும் கேக்கல்லியே."

ஏன்?
என் தலைமுடி பறந்தது, அப்போதுதான் நிமிர்ந்தேன்.
தட்டுக்கு நேர் மேலே மின்விசிறி.
நிறுத்தினால் பூச்சியம், போட்டால் இரண்டு.
கடல் தாண்டி நாங்கள் விற்றது
கொழும்புக் காற்று.

மின்விசிறி ஏன்?
வெக்கை. சன்னல் எல்லாம் பூட்டு.
பூட்டு ஏன்?
நுளம்பு. போன மாதம் றிஸ்மியாவுக்கு டெங்கு,
பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கி
ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
நுளம்பு ஏன்?
சன்னல் வலை கிழிந்து தொங்குகிறது.
"எழுதிக் குடுத்தமே மிஸ், பெப்ரவரியில."

ஐந்தாவது ஏனுக்கு
மாடிப்படி ஏறவேண்டியிருந்தது.
என் மேசை. இரண்டாவது லாச்சி.
சாப்பாட்டுப் பெட்டியின் மூடிக்கு அடியில்
எண்ணெய் வட்டத்தோடு அந்தப் படிவம்.
கையொப்பத்துக்கு நான்கு கட்டங்கள்.
முதல் கட்டம் என்னுடையது.
வெறுமையாக இருந்தது.

காலையில், எல்லாரும் வந்தபின்,
மனிதர் முள்ளில் என் பெயரை எழுதினேன்.
விக்கிரமரத்ன கிட்ட வந்து படித்தார்.
"பெயர் எல்லாம் எதற்கு, யசோதினி?
படிவம் தாமதம் என்று போடுங்கள்,
முறை முள்ளில்."
சொல்லிக்கொண்டே துடைத்தார்.
ஈர மை.
ஒரு விரல் போதுமாயிருந்தது.

லெட்சுமணனை அழிக்க
நான் துணி எடுத்தேன்.
மூன்று நாள் காய்ந்த எழுத்து.
தண்ணீருக்கு அசையவில்லை.
ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தேன்,
கொம்புகள் போயின,
புள்ளிகள் போயின,
மீதி இளநீலமாய் நிற்கிறது.

வலை வந்துவிட்டது, பச்சை நிறம்.
தராசை மூலைக்கு நகர்த்தியாயிற்று.
நேற்று துபாயிலிருந்து ஒரு கடிதம்:
பெட்டிகளில் ஈரம்.
அதே பலகைதான்.
பேனையைத் திறந்துகொண்டு
எந்த முள்ளில் தொடங்குவது என்று
நிற்கிறேன்.