கால் முழம்

கொழும்பிலிருந்து தோணியில் வந்தது.
கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே
கட்டிப்போட்ட செவலைக் காளை மாதிரி
நின்றதாம்.
சுங்கக்காரர் மூன்று முறை சுற்றிவந்து
இதுக்குக் கூரை எங்கே மரைக்காயரே என்று கேட்க,
கூரைக்கா காசு கொடுத்தேன் என்றாராம் அப்பா,
என் உம்மாவைப் பெற்றவர்,
ஐம்பத்தெட்டில்,
கீழக்கரைப் பாலத்தடியில்.

மூக்கில் எம்.ஜி. என்று இரண்டே எழுத்து.
மூன்றாவது எழுத்து எங்கே என்று கேட்காதவர்
இந்த ஊரில் பிறக்கவில்லை.

எங்களில் வீடு பெண்ணுக்கு.
ஆண்பிள்ளை கட்டிய இடத்துக்குப் போவான்
ஒரு டிரங்குப் பெட்டியோடு.
அப்பா மவுத்தானபின் கார் முஸம்மில் மாமாவுக்கு.
மாமா மாப்பிள்ளையாய்ப் போன சந்தின் அகலம்
மூன்று முழம்.
காரின் அகலம் மூன்றேகால்.
நூல் பிடித்து அளந்தார்,
மூங்கில் கழி வைத்து அளந்தார்,
பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளந்தார்.
மாமியார் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் செதுக்கலாமா என்று
கேட்டும் பார்த்தாராம். பிறகு
ஒரு மாதம் அங்கே சோறு சுகமில்லை.

அப்படித்தான் தங்கியது எங்களிடம்.
ஆர்.சி. புத்தகம் மாமாவின் சட்டைப்பையில்,
சாவி உம்மாவின் அலமாரியில்
அத்தர் சீசாவுக்குப் பின்னால்.
வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவார்,
நெய்ச்சோறு தின்பார், உறுமவிடுவார்,
கடல்வரை போய்த் திரும்புவார்.
பக்கத்து இருக்கையில்
கூட்டாளி, கூட்டாளியின் மச்சான்,
ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானிக் கிடாய்.
இரண்டு பேர் வண்டியில்
உம்மாவுக்கு மட்டும் முறை வரவேயில்லை.

மாமாவுக்குப் பின் இல்யாஸ் காக்காவுக்கு.
காக்கா மயிலாப்பூரில் ஆறாவது மாடி.
உப்புக்காற்று தரைத்தகட்டைத் தின்று
ஓட்டை வழியே மண் தெரிந்தது.
ஒரு கோழி அடைகாத்து
ஒன்பது குஞ்சு பொரித்தது.

நான் சார்ஜாவில் பதினோரு வருஷம்.
மூன்றாம் தடவையில் லைசென்ஸ்.
திரும்பி வந்ததும்
படகு என்ஜின் பார்க்கிற லூர்துராயனைக் கூப்பிட்டேன்.
தரைக்குப் படகு ஃபைபர் அறைந்தான்.
தண்ணியிலயும் போகும் பாருங்க அக்கா என்றான்.
அவன் கூலி என் வளையல் ஒன்று.
காக்காவிடம் சொல்லவில்லை.

காக்காவும் என்னிடம் சொல்லாமல்தான்
கோயம்புத்தூர் ஆளிடம்
பதினெட்டு லட்சத்துக்குப் பேசியிருந்தார்.
சனிக்கிழமை டிரெய்லர் வரும், சாவியை எடுத்து வை.

அதற்கு முந்தின நாள்
ஆண்களெல்லாம் பள்ளியில் இருக்க
தெரு காலியாய்க் கிடந்தது.
சாவியை எடுத்தபோது அலமாரிக் கதவு கத்தியது.
எதிரே உம்மா,
எழுபத்தாறு வயசில்
செருப்புப் போட்டுத் தயாராக.

கியர் இடப்பக்கம்.
பழகிய வலக்கை கதவில் போய் இடித்துக்கொண்டே இருந்தது.
சேதுக்கரை ரோட்டில் நாலாவது கியர்.
உடைமரம், பனை, உப்புத் தரவை,
மறுபடி உடைமரம்.
பறந்த துப்பட்டியை இழுத்துத்
தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு
உம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்:
ரோடு இம்புட்டுக் கிட்டத்துலயா ஓடுது?

பிறகு ஆவி. வெள்ளையாய், குபுகுபுவென்று.
மீன் வண்டிக்காரப் பையன் நிறுத்தி
ஐஸ் உருகின தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினான்.
சாளை வாசம் எங்கள் மேலெல்லாம்.
போன் அடித்தது. காக்கா.
வண்டியைத் துடைச்சு வச்சியா?
வண்டி வீட்டுல இல்ல காக்கா, வெளிய போயிருக்கு.
யார் எடுத்தா?
உம்மா கை நீட்டிப் போனை வாங்கி
எதுவும் பேசாமல்
மடியில் கவிழ்த்து வைத்தாள்.

டிரெய்லர் வந்ததா என்று கேட்பீர்கள்.
வந்தது. சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு.
டிரைவர் இறங்கி, எங்கள் தெருமுனையில்
நாடா பிடித்து அளந்தார்.
இன்னொரு முறை அளந்தார்.
கால் முழம் பற்றவில்லை.
உள்ளே போய் ஓட்டிக்கிட்டு வந்து ஏத்தணும்,
சாவி யார்கிட்ட இருக்கு என்றார்.