ஈயம் உருக்கிய இடம்

மதுரையிலிருந்து வந்த தாளில்
என் கீரைக்கு ஒரு எண் போட்டிருந்தது.
பக்கத்தில் இன்னொரு எண்,
இவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று.
முதல் எண் இரண்டாவதைப்போல் ஏழு மடங்கு.
மீன் ஏலத்தில் நின்றவள் நான்,
கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிணற்றடிக்கும் கக்கூஸுக்கும் நடுவே
பன்னிரண்டு வருடம்
கித்தேரியான் வலைக்குண்டு வார்த்த இடம் அது.
பழைய பேட்டரியை உடைத்துத்
தகட்டை இரும்புச் சட்டியில் போடுவார்.
மேலே ஆடை சுருங்கி
அடியில் பளபளவென்று ஓடும்போது
"பாரு, நிலா" என்பார்.
பார்த்திருக்கிறேன், கைப்பிள்ளையை இடுக்கிக்கொண்டு.
அமிலத்தைத் தென்னை மூட்டில் கொட்டினோம்.
தென்னை பட்டுப்போனது.
வேதாளை மண், உப்பு ஏறிவிட்டது என்று
ஊரே சொன்னது, நாங்களும் சொன்னோம்.

கடையில் ரெடிமேட் குண்டு வந்தது.
அடுப்பு அணைந்த இடத்தில் நான் பாத்தி கட்டினேன்.
இந்த மணலில் இப்படியொரு பச்சையா என்று
உச்சிப்புளிச் சந்தையில் கேட்டார்கள்.
ஆட்டுப்புழுக்கை என்றேன்.
பொய் இல்லை அது.

யார் யாருக்கு விற்றேன்?
படுத்துக்கொண்டு விரல் மடக்கினேன்.
மெஹராஜ் பானுவில் விரல் நின்றது:
வாரம் மூன்று கட்டு,
வயிற்றில் பிள்ளை,
ரத்தம் குறைவு, கீரை தின்னு என்று
நர்ஸம்மா சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் போய்ச் சொன்னேன்.
அவள் கதவைச் சாத்தவில்லை.
சாத்தியிருக்கலாம்.
ரத்தப் பரிசோதனைக்கு ஆயிரத்து அறுநூறு ஆனது.
நீட்டினேன்,
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

மண் எடுக்க வந்த மாணவி நாகஜோதி
கரி போடுங்கக்கா என்றாள்.
சாம்பல் இல்லை, காற்றுப் புகாமல் வெந்த கரி.
ராமநாதபுரத்தில் கரிக்கா பஞ்சம்?
வெட்ட வெட்ட முளைக்கும் சீமைக்கருவேலத்தை
மூட்டம் போட்டு லாரி லாரியாய் ஏற்றுகிறோம்,
எந்த ஊர் அடுப்புக்கோ.

கித்தேரியான் டீசல் டிரம்மில் துளை போட்டார்.
புகை வெளுத்து, நீலமாகி, நின்றபோது
தண்ணீர் வேண்டும்.
எங்கள் கிணறு கரிக்கும்.
கரியை அணைக்கக் கரிக்கும் தண்ணீர் ஆகாது.
குடம் பன்னிரண்டு ரூபாய் என்று
எட்டுக் குடம் குடிதண்ணீரை
நெருப்புக்கு ஊற்றினேன்.
உஸ்ஸென்று குடித்தது.

பேட்டரி உடைத்த அதே கடப்பாரையால்
அவர் கரியை இடித்தார்.
மூக்கில் துண்டு, கண் மட்டும் வெள்ளை.
சாணிக் கரைசலில் பதினைந்து நாள் ஊறவைத்து
பாத்தியில் கலந்து கொத்தினோம்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"ஈயம் போகாதுக்கா.
கரி அதைப் பிடிச்சு வச்சுக்கும்,
வேருக்கு லேசுல விடாது."
"எத்தனை வருசத்துக்கு?"
"தெரியாது. அப்பப்ப சோதிக்கணும்."
அந்தத் தெரியாது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த தாளில்
கீரை ஏழிலிருந்து இரண்டு மடங்குக்கு இறங்கியிருந்தது.
வெண்டை கோட்டுக்குள் நின்றது, மயிரிழையில்.
கீரையை வேரோடு பிடுங்கினேன்.
ஆடு கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது,
போடவில்லை.
இனி அங்கே வெண்டை மட்டும்.
அதற்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான்
சந்தைக்குப் போகிறேன்.
சிலர் வாசிக்கிறார்கள்.
சிலர் அடுத்த கடைக்கு நகர்கிறார்கள்.

மெஹராஜ் பானுவுக்குப் பெண் பிறந்தது.
அழுகிறது, பால் குடிக்கிறது.
அவளுடைய எண்ணும் இறங்குகிறதாம்.
அதற்கு மேல் அவள் சொல்வதில்லை,
எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

நேற்று அந்திக்கு
வெண்டைப் பாத்தி ஓரம் நின்று
கடல் பக்கம் பார்த்தபடி கித்தேரியான் கேட்டார்,
இத்தனை மாதத்தில் அவராகப் பேசிய முதல் பேச்சு:
"நான் வார்த்த குண்டு எத்தனை
வலையோட அறுந்து அடியில கெடக்கும்?
அங்க யாரு கரி போடுறது?"

வாளியைக் கீழே வைத்தேன்.
காற்று கச்சானுக்குத் திரும்பியிருந்தது.