வால் ஓரத்துப் புள்ளி

கேமரா வாங்கப் போனவளிடம்
கோ ஸா மின் கேட்ட முதல் கேள்வி:
கல்யாணமா, கோயில் திருவிழாவா?
மீன் என்றேன்.
எவ்வளவு பெரிசு?
சுண்டுவிரலின் மேல்கணுவைக் காட்டினேன்.
அடுத்த ஆளிடம் நகர்ந்தவர்
திரும்பி வந்தார்.

ஷான் மலைக் குட்டையிலிருந்து
பிளாஸ்டிக் பையில் பஸ் ஏறி
ரங்கூன் வந்தவை பன்னிரண்டு.
கருநீல உடம்பெல்லாம் முத்துமுத்தாய்ப் புள்ளி,
துடுப்பில் மட்டும் மிளகாய்ச் சிவப்பு.
போன வாரம் எட்டாகிவிட்டன.
வெள்ளைப்புள்ளி நோயாயிருக்கும் என்கிறார்
மண்டலேயில் மீன்மருந்து விற்கும் ஃபிலோமினா அக்கா.
தெளிவாய் ஒரு படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

புள்ளியோடு பிறந்த மீனுக்குப்
புள்ளி நோய்.
இதை எந்தக் கண்ணால் பிரிப்பது?

பத்து மெகாபிக்சல், பன்னிரண்டு மெகாபிக்சல் என்றார்.
உளுந்து மண்டியில் கணக்கெழுதுகிறவளிடம்
எண்ணைக் காட்டி விற்க முடியாது.
மூட்டை பெரிசென்றால்
பருப்பு வேகுமா?
எவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் என்றேன்.
அழுத்தினால் உடனே எடுக்குமா, யோசித்து எடுக்குமா?
விளக்கு மங்கினால்?

மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.
முன்பணம் கட்டி
இரவுக்கு ஒன்றாய்க் கொண்டுபோகலாம்.

வெள்ளி நிறத்தது: ஃபிளாஷ் தொட்டிக் கண்ணாடியில் வெடித்தது.
படத்தில் மீன் இல்லை. ஒரு சூரியன்,
அதற்குப் பின்னால் நைட்டியில் நான்.

கறுப்புக் குட்டி நல்லதுதான், சோம்பேறி.
அழுத்திய பின் ஒரு மூச்சு யோசிக்கும்.
முப்பத்தேழு படத்திலும்
பாசி துல்லியமாய் விழுந்திருந்தது,
ஒன்றில் மட்டும் வெளியேறும் வால்.

மூன்றாவது கனம். கழுத்தை இழுத்தது.
யாரோ ஜப்பான்காரர் விற்றுவிட்டுப் போனதாம்,
லென்ஸ் ஓரம் ஒரு கீறல்,
விலை என் நாலு மாதச் சம்பளம்.
அன்று எங்கள் தெருவுக்குக் கரண்ட்
ஆறிலிருந்து பத்து வரை.
ஒன்பதே காலுக்கே போய்விட்டது.

பம்ப் நின்றது. குமிழ் நின்றது.
அறையில் வெளிச்சம் இல்லாததால்
கண்ணாடியில் நானும் இல்லை.
டார்ச்சைத் தொட்டிமேல் கவிழ்த்து
லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி
முழங்கால் மரத்துப்போகும் வரை இருந்தேன்.
தூக்கத்தில் நடக்கிறவள்போல
ஒன்று வந்து நின்றது.
அழுத்தினேன்.
அது யோசிக்கவில்லை.

சின்னத் திரையில் பெரிதாக்கினேன்.
முத்தெல்லாம் தோலுக்குள் இருக்கிறது,
உள்ளேயிருந்து யாரோ தொட்டுவைத்ததுபோல.
வால் ஓரத்தில் ஒன்று மட்டும்
தோலுக்கு மேல்
உப்புக்கல்லாய் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு மட்டும்
மயிரிழை அளவு நிழல்.

அக்காவுக்கு அனுப்பத் தேவைப்படவில்லை.
மருந்துப் புட்டி எண்ணூறு கியாட்.
கரண்ட் வருவதற்குள்
முதல் சொட்டு விட்டாயிற்று.

காலையில் கேமராவைத் துடைத்து
உறையில் போட்டு எடுத்துப் போனேன்,
காரியம் முடிந்தது, வேண்டாம் என்று சொல்ல.
கோ ஸா மின் கையை நீட்டினார்.
வாயைத் திறந்தேன்.
கீறலுக்கு எவ்வளவு குறைப்பீர்கள்
என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.