தாளுக்கு அடியில்

நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.
ஒப்பந்தத்தின் முதல் வரியே அதுதான்:
நீங்கள் வரைவதை நான் பார்க்க மாட்டேன்.
காட்டுங்கள் என்று கேட்கவும் மாட்டேன்.
வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கிழிக்கலாம்,
டானே ஆற்றில் விட்டுவிடலாம்.
உங்களுடையது.

கிளைபெடா. பிப்ரவரி.
மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை,
ஹீட்டர், இரண்டு நாற்காலி,
வரைதாள் கட்டு ஒன்று, மை அதிகமுள்ள பென்சில்.

ஸ்கிர்மந்தாஸ் கூரைகளுக்குத் தகரம் அடிப்பவர்.
ஐம்பத்து மூன்று வயது.
"எனக்கு வரையத் தெரியாதே" என்றார் முதல் நாள்,
"இதற்கா நாற்பது யூரோ?"
பேசத் தெரியுமா என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அதுவும் இல்லை."
பென்சிலை எடுத்துக்கொண்டார்.

பார்க்காமல் இருப்பது பெரிய வேலை.
காது பார்க்கத் தொடங்கிவிடும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நீளக் கோடு.
அப்புறம் குட்டைக் குட்டையாய், கோழி கொத்துவதுபோல.
அப்புறம் ஒன்றுமில்லை,
ஸ்மில்டீனே படகின் ஊதல் மட்டும்.
அழிப்பான். தூசியை ஊதும் வாய்.

முடிந்ததும் ஒரே கேள்வி:
இதிலிருந்து ஏதாவது பேச வேண்டுமா?
ஒரு செவ்வாய், "வேண்டாம்."
இன்னொரு செவ்வாய், "வேண்டாம்."
மூன்றாவதில்,
"ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியவில்லை."
எந்த ஏணி?
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.
இன்றைக்கு எந்தப் பக்கம் சாய்த்தீர்கள் என்றேன்.
"சாய்க்கவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."
பிறகு, கோட்டை மாட்டி, கதவருகே போய்,
"கை வலிக்கிறது."

அன்றைக்குத்தான் செய்யக்கூடாததைச் செய்தேன்.
தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்து அவர் போனபின்
அடுத்த வெற்றுத்தாளில் விளக்கு சாய்வாக விழுந்தது.
தகரம் அடிக்கும் கை, அழுத்தித்தான் வரையும்.
வெள்ளைக்குள் வெள்ளையாய்ப் பள்ளங்கள்.
பென்சிலைப் படுக்கவைத்து
ஒரு மூலையில், கட்டைவிரல் அகலம், தேய்த்தேன்.
ஒரு கோடு எழுந்து வந்தது.
ஏணியின் காலா, கூரை விளிம்பா,
யாருடைய முழங்கையோ.
நிறுத்தினேன். நல்லவள் என்பதால் இல்லை.
கீழே மருந்துக்கடை மணி அடித்தது,
பயந்துவிட்டேன்.

வருகிறவரே தன் வாழ்க்கையின் நிபுணர் என்று
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவள் நான்.
அந்த வாரம் முழுக்க
அந்தச் சட்டத்துக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தேன்.

அடுத்த செவ்வாய், அவர் தொப்பியைக் கழற்றும் முன்பே
சொல்லிவிட்டேன்.
நாற்காலியைத் திருப்பிக்கொள்ளாமல், முகத்துக்கு நேராக.
"எந்த மூலை?"
கீழே, இடது.
உருகிய பனி அவர் பூட்ஸைச் சுற்றிக் குளம் கட்டியது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அங்கே பென்சில் முனையைத்தான் சோதித்தேன். வேறொன்றுமில்லை."
உண்மையா? தெரியாது.
அதைத் தேய்த்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை.
அன்று அவர் வரையவில்லை.
பணம் வைத்தார். கை கொடுக்கவில்லை.

இனி வரமாட்டார் என்று ஹீட்டரைக்கூடப் போடாமலிருந்தேன்.
வந்தார்.
கக்கத்தில் ஒரு துத்தநாகத் தகடு,
தாள் அளவுக்கே வெட்டி,
யார் கையையும் கிழிக்காதபடி ஓரம் மடித்து,
மூலைகளைத் தட்டி உருட்டியிருந்தார்.
மேல்தாளுக்கு அடியில் செருகினார்.
"இனி எதுவும் கீழே இறங்காது."
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"இங்கேயே இருக்கட்டும்.
மற்றவர்களும் அழுத்தித்தானே வரைவார்கள்."

சன்னல் பக்கம் திரும்பினேன்.
சத்தம் மாறியிருந்தது.
தகரக் கூரைமேல் யாரோ வெறுங்காலோடு
ஒவ்வொரு அடியாய் விளிம்புவரை வந்து
நின்றதுபோல் இருந்தது.

என் கழுத்து நோகிறது.
திரும்பவில்லை.