இடது காது

தொலைக்காட்சி நிலையத்தில்
முகங்களுக்குப் பவுடர் பூசுவது என் வேலை.
விவாதத்துக்கு வந்த வேட்பாளர் முசோண்டாவுக்கு
இடது காதில் சீழ், வலி.
நான்தான் துளி மருந்து விட்டுப் பஞ்சு வைத்தேன்.
"வெளியே தெரியுமா, நாமுகொலோ?"
தெரியாது என்றேன்.
தெரிந்துவிட்டது.

அன்று லுசாக்காவில்
பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை.
இருட்டில் கிடந்த பேட்டைகளில்தான்
எல்லோரும் தெளிவாகப் பார்த்திருந்தார்கள்:
காதுக்குள் கருவியாம்,
வெளியே வேனில் ஒருவனாம்,
அவன் சொல்லச் சொல்ல
இவர் ஒப்பித்தாராம்.

காலையில் மினி பஸ் ஏறும்போது வேன் வெள்ளை.
சிலென்ஜே தாண்டுவதற்குள் நீலமாகி
வெளிநாட்டு நம்பர் பலகையும் முளைத்துவிட்டது.

"அது பஞ்சு. வைத்தவள் நான்."

கண்டக்டர் சில்லறை எண்ணியபடியே கேட்டான்:
"உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?"
பஸ்ஸே சிரித்தது.
தக்காளிக் கூடைக்காரி மட்டும் என் பக்கம் சாய்ந்து
"நிஜமாகவே எவ்வளவு?" என்றாள்.

ஒரு காதுக்குப் பஞ்சு வைத்தேன்.
கண்ணும் மூக்கும் ஊர் வைத்தது.

ஆனாலும்
செப்புச் சுரங்கக் கேள்விக்கு
தலையைச் சாய்த்து வெகுநேரம் நின்றாரே,
யாரிடமோ கேட்பதுபோல.
எனக்கே இப்போது உறுத்துகிறது.

ராத்திரி, பையில் மிஞ்சிய பஞ்சைக் கிள்ளி
என் காதில் செருகிப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டு ரேடியோ கொஞ்சம் தணிந்தது.
வேறு குரல் எதுவும் வரவில்லை.

இருந்தும்
சற்று நேரம் காத்திருந்தேன்.