சூடேறாத இரும்பு

மஞ்சக்குப்பத்தில், செருப்புக்கடை மாடியில்
மணிக்கு நாற்பது ரூபாய்.
இரண்டாம் பாகம் வந்து ஒன்பது நாள்,
சண்டை இன்னும் ஓயவில்லை.
திரையில் நடப்பதைச் சொல்லவில்லை.

"பொம்மையாக்கிட்டானுங்க" என்கிறான் தணிகைவேல்.
பகலில் பொக்லைன் ஓட்டுகிறவன்.
முதல் பாகத்தில் திரும்பச் சொன்னால்
இயந்திரம் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பும்;
அந்த அரை நொடியில்தான்
அறுபது டன்னும் இருந்ததாம்.
இப்போது தட்டாம்பூச்சி.

பர்வேஸுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.
"மூணு வருஷம் நத்தை ஓட்டியாச்சு,
பறக்க விடுய்யா."

ஜெசிந்தா ஒரே ஒரு குறை சொன்னாள்:
இரண்டு கையிலும் பீரங்கி மாட்டினால்
கதவு திறக்க ஒரு விரல் கிடையாது.
சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

என் குறை வேறு.
முன்பு விடாமல் சுட்டால் முள் சிவப்பைத் தொடும்,
ஆற்றில் இறக்கி
கெடிலத்து எருமை மாதிரி
இடுப்பளவு நீரில் நிறுத்தி ஆற வைக்க வேண்டும்,
எதிரி வருவது தெரிந்தும்.
சிப்காட்டில் பாய்லர் பார்ப்பவனிடம்
சூடேறாத இரும்பைக் கொடுத்தால்
எப்படி நம்புவான்?

சொல்லி முடிக்குமுன் கரண்ட் போனது.
நான்கு திரையும் பட்டென்று செத்தன.
தலைக்கு மேல் ஃபேன் மட்டும்
மனசில்லாமல்
இன்னும் ஏழெட்டுச் சுற்று சுற்றியது.
"பாரு," என்றான் தணிகைவேல் இருட்டில்,
"இதுக்குத் தெரியுது."

யாரும் பதில் பேசவில்லை.
வியர்த்தது.

வெளிச்சம் வந்த பதினோராவது நொடியில்
பர்வேஸ் என்னைக் கொன்றான்,
பறந்துகொண்டே.
பத்து மணிக்கு எனக்கு நைட் ஷிப்ட்.
இன்னொரு மணிக்கு நாற்பது வைத்தேன்.